ஹரிக்கேன் சீசனுக்கு வீட்ல என்ன வாங்கி வைக்கணும், எப்ப வாங்கணும்

அமெரிக்கால டிவில, புயல் எந்தப் பக்கம் போகும்னு கூம்பு மாதிரி வரைஞ்ச அந்த கோன் மேப் காட்ட ஆரம்பிச்ச மறுநாள் காலைல கடைக்குப் போய் பாருங்க, தண்ணி கேஸ் அடுக்குற இடத்துல விலைச்சீட்டு மட்டும் ஒட்டிட்டு இருக்கும். பிரெட் இருக்காது, பெரிய சைஸ் பேட்டரி இருக்காது, பெட்ரோல் பங்க்ல வண்டி ரோடு வரைக்கும் நிக்கும். நானும் அந்தக் கூட்டத்துல ரெண்டு தடவை நின்னவன்தான். முதல் தடவை ஒரு மணி நேரம் சுத்திட்டு வெளிய வந்தப்போ என் தள்ளுவண்டில இருந்தது மூணு பாக்கெட் சிப்ஸ், ஒரு வாசனை மெழுகுவத்தி, நாலு பாட்டில் சோடா. பதட்டத்துல வாங்கினா அப்படித்தான் வாங்குவோம், கையில கிடைச்சதைத் தூக்கிப் போட்டுட்டு ஏதோ பண்ணிட்டோம்னு ஒரு நிம்மதி, அவ்ளோதான்.

அதனால எப்ப வாங்கணும்னு மொதல்ல சொல்லிடுறேன். அட்லாண்டிக் பக்கம் சீசன் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும், செப்டம்பர் 10 ஒட்டித்தான் உச்சம். மே கடைசிக்குள்ள முக்கால்வாசி சாமான் வீட்ல இருக்கணும்னு வச்சுக்கோங்க. மியாமில இருக்குற நேஷனல் ஹரிக்கேன் சென்டர் வாட்ச்னு (புயல் வரலாம்னு) விட்டா பலமான காத்து வர்றதுக்கு சுமார் 48 மணி நேரம் முன்னாடி, வார்னிங்னு (வரப் போகுதுன்னு) விட்டா 36 மணி நேரம் முன்னாடி. கேக்க நிறைய டைம் மாதிரி இருக்கும், ஆனா அந்த நேரத்துல ஜன்னலுக்குப் பலகை அடிக்கணும், வண்டிக்கு பெட்ரோல் போடணும், கிளம்புறதா இருக்குறதான்னு முடிவு பண்ணணும், வேலைக்கும் போய்ட்டு வரணும், இதுல எங்க கடைல லைன்ல நிக்கிறது. அந்த 48 மணி நேரமும் எப்பவும் கிடைக்கும்னு சொல்ல முடியாது, 2023 அக்டோபர்ல மெக்சிகோ அகாபுல்கோவை அடிச்ச ஓட்டிஸ் ஒரே நாளுக்குள்ள ஹரிக்கேனை விட காத்து கம்மியான சாதா டிராப்பிக்கல் ஸ்டார்ம்ல இருந்து, காத்து வேகத்தை வச்சு 1ல இருந்து 5 வரைக்கும் போடுற அளவுல உச்சமான கேட்டகிரி 5 ஆகிடுச்சு, ஊர்ல பல பேர் தூங்கி எழுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது.

மொத்தமா ஒரே நாள்ல வாங்கினா பட்ஜெட் எகிறும், வாரா வாரம் கடைக்குப் போறப்போ எக்ஸ்ட்ராவா ரெண்டு பொருள் எடுங்க, ரெண்டு மாசத்துல சேந்துடும். டெக்சாஸ்ல இருந்தீங்கன்னா வருஷா வருஷம் ஏப்ரல் கடைசில ஒரு வீக்எண்ட் எமர்ஜென்சி சாமானுக்கு சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, 3000 டாலருக்குக் குறைஞ்ச ஜெனரேட்டர் கூட அதுல வரும். ஃப்ளோரிடால 2025 ஆகஸ்ட்ல இருந்து பேட்டரி, தார்ப்பாய், பெட்ரோல் கேன், சின்ன ஜெனரேட்டர் இதுக்கெல்லாம் வருஷம் பூரா டாக்ஸ் எடுத்துட்டாங்க, அங்க சேலுக்காக காத்திருக்கவே வேணாம்.

சரி, எத்தனை நாளைக்கு வாங்குறது? இங்கதான் எல்லாரும் தப்பா கணக்குப் போடுறோம். காத்தும் மழையும் சில மணி நேரம், மிஞ்சிப்போனா ஒரு நாள். அந்த ஒரு ராத்திரியை நினைச்சுத்தான் நாம சிப்ஸ் வாங்குறோம். கஷ்டம் வர்றது அதுக்கு அடுத்த நாள்ல இருந்து, கரண்ட் இல்ல, குழாய்ல தண்ணி நல்லதான்னு தெரியல, கடை திறக்கல, திறந்தாலும் கார்டு மெஷின் வேலை செய்யல. 2024 ஜூலைல பெரில் ஹூஸ்டனை அடிச்சப்போ அது வெறும் கேட்டகிரி 1, ஆனா 20 லட்சத்துக்கு மேல கனெக்ஷன் போச்சு, சில பேருக்கு ஒரு வாரம் தாண்டித்தான் கரண்ட் வந்துச்சு, எங்களுக்கு ஆறு நாள். அதே வருஷம் செப்டம்பர்ல ஹெலீன் வந்தப்போ கடல்ல இருந்து எவ்ளோ தூரத்துல, மலை மேல இருக்கு நார்த் கரோலினால இருக்குற ஆஷ்வில் ஊர், அங்க குழாய் தண்ணி குடிக்கலாம்னு திரும்ப சொல்றதுக்கு நவம்பர் 18 ஆயிடுச்சு. 2017ல மரியாவுக்கு அப்புறம் போர்ட்டோ ரிக்கோல கடைசி வீடு வரைக்கும் கரண்ட் போய்ச் சேர கிட்டத்தட்ட 11 மாசம். அதுக்கெல்லாம் யாரும் வீட்ல ஸ்டாக் வைக்க முடியாது, நான் பயமுறுத்துறதுக்கு சொல்லல. ஆனா மூணு நாளைக்கு மட்டும் வாங்கி வைக்கிறது ரொம்ப ரொம்பக் கம்மி, ஃப்ளோரிடா அரசாங்கமே ஏழு நாளைக்கு வைங்கன்னுதான் சொல்லுது, நானும் ஏழு நாள்னுதான் கணக்குப் போடுறேன்.

தண்ணி கணக்கு ரொம்ப சிம்பிள், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர். குடிக்கிறது, சமைக்கிறது, பல் விளக்குறது, கை கழுவுறது எல்லாம் அதுக்குள்ள. நாலு பேர் ஏழு நாள்னா 28 கேலன். அரை லிட்டர் பாட்டில் 24 இருக்குற கேஸ் ஒண்ணு மூணு கேலனுக்குக் கொஞ்சம் மேல வரும், ஆக ஒன்பது கேஸ். ஒன்பது கேஸை அடுக்கிப் பாத்தாதான் தெரியும் எவ்ளோ இடம் பிடிக்குதுன்னு, அதனால பாதி பாட்டிலாவும் பாதி பெரிய ஜக்காவும் வைங்க. பால் வந்த ஜக்கை கழுவிட்டு அதுல தண்ணி பிடிச்சு வைக்கிற பழக்கம் வேணாம், எவ்ளோ கழுவினாலும் பால் ஒட்டிட்டு இருக்கும், கிருமி வளரும். சோடா பாட்டில் பரவாயில்ல. வெயில் படாத இடத்துல, பெட்ரோல் கேன் பக்கத்துல இல்லாம வைங்க. நாய் பூனை இருந்தா அதுக்கும் சேத்துக்கோங்க, கைக்குழந்தைக்கு பவுடர் பால் கலக்குறதுன்னா அதுக்குத் தனியா.

இது போக காசு கொடுக்காம கிடைக்கிற தண்ணி ஒண்ணு இருக்கு, நிறைய பேர் மறந்துடுறாங்க. வீட்ல வாட்டர் ஹீட்டர் டேங்க் டைப்னா அதுல 40, 50 கேலன் சும்மா நிக்கும். மொதல்ல அதோட கரண்டையோ கேஸையோ ஆஃப் பண்ணிடணும், இல்லன்னா காலி டேங்க் சூடாகி வீணாப் போகும். உள்ள வர்ற வால்வை மூடிட்டு, வெந்நீர் குழாய் ஒண்ணைத் திறந்து விட்டு, அடில இருக்குற வால்வு வழியா பிடிச்சுக்கலாம், தண்ணி சூடா இருக்கும் பாத்து. அப்புறம் புயலுக்கு முந்தின நாள் பாத் டப்பை நிரப்பிடுங்க, அது குடிக்க இல்ல, டாய்லெட்டுக்கு. ஒரு பக்கெட் தண்ணியை டாய்லெட் கிண்ணத்துல வேகமா ஊத்தினா ஃப்ளஷ் ஆயிடும், டேங்கைத் திறக்கவே வேணாம். டப்போட அடைப்பு லேசா ஒழுகும், காலைல பாத்தா பாதிதான் இருக்கும், ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சுட்டு நிரப்புனா நிக்கும். சின்னக் குழந்தை இருக்குற வீட்ல பாத்ரூம் கதவைப் பூட்டியே வைங்க.

வாசனை இல்லாத சாதா பிளீச் ஒரு பாட்டிலும் ஒரு சொட்டு மருந்து டிராப்பரும் வாங்கி வைங்க. தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு அறிவிப்பு வந்து காய்ச்ச வழி இல்லன்னா இதுதான் கை கொடுக்கும். லேபிள்ல 6 சதவீதம்னு போட்டிருந்தா ஒரு கேலனுக்கு 8 சொட்டு, 8.25 சதவீதம்னா 6 சொட்டு, கலக்கி அரை மணி நேரம் விட்டுடணும், லேசா குளோரின் வாசனை வரணும். தண்ணி கலங்கலா இருந்தா சுத்தமான துணில வடிகட்டிட்டு சொட்டை ரெட்டிப்பாக்கணும். கலர் துணிக்கான பிளீச், வாசனை போட்டது, சிந்தாம இருக்க கெட்டியா வர்றது இதெல்லாம் கூடவே கூடாது. காய்ச்ச முடிஞ்சா நல்லா கொதி வந்து ஒரு நிமிஷம் போதும். ஆனா ஒண்ணு, வெள்ளத்துல பெட்ரோல், பூச்சி மருந்து மாதிரி கெமிக்கல் கலந்த தண்ணின்னா காய்ச்சினாலும் போகாது, பிளீச் போட்டாலும் போகாது, அதைத் தொடாதீங்க.

சாப்பாடு. 2004ல ஃபிரான்சஸ் புயல் வர்றதுக்கு முன்னாடி வால்மார்ட் பழைய விற்பனைக் கணக்கை எல்லாம் கிளறிப் பாத்தாங்களாம், புயலுக்கு முன்னாடி ஸ்ட்ராபெர்ரி பாப் டார்ட்ஸ் (உள்ள ஜாம் வச்ச பிஸ்கட் மாதிரி) வழக்கத்தை விட ஏழு மடங்கு விக்குது, எல்லாத்துக்கும் மேல விக்கிறது பீர். சிரிப்பா இருந்தாலும் பாப் டார்ட்ஸ்ல ஒரு லாஜிக் இருக்கு, அடுப்பு வேணாம், ஃபிரிட்ஜ் வேணாம், தட்டு கூட வேணாம், பிரிச்சு சாப்பிட வேண்டியதுதான். நீங்க எடுக்குற ஒவ்வொரு பொருளையும் அதே கேள்வியைக் கேளுங்க. டின்ல வர்ற பீன்ஸ், சூப், பழம், மீன், பீனட் பட்டர், கிராக்கர்ஸ், நட்ஸ், உலர்ந்த பழம், சீரியல், பவுடர் பால், கெட்டுப் போகாத டப்பா பால், இதெல்லாம் ஓகே. உங்க வீட்ல வழக்கமா யாரும் தொடாத டின்னை சீப்பா கிடைக்குதுன்னு வாங்காதீங்க, கரண்ட் இல்லாத மூணாவது நாள் வேர்த்து வழியுறப்போ குழந்தை அதைச் சாப்பிடவே சாப்பிடாது. பெரிய டின் வேணாம், ஒரு வேளைக்கு முடியுற சின்ன டின், ஏன்னா மிச்சத்தை வைக்க ஃபிரிட்ஜ் கிடையாது. அப்புறம் கையால திருகுற கேன் ஓப்பனர். இதை மறந்துட்டு ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் வச்சு ஒரு டின்னைத் திறந்தவன் சொல்றேன், ரெண்டா வாங்கி வைங்க.

பேப்பர் தட்டு, கப், டிஷ்யூ, இதுல எல்லாம் சுற்றுச்சூழல் பாத்து நான் வழக்கமா கஞ்சத்தனம் பண்ணுவேன், அந்த ஒரு வாரம் மட்டும் விதிவிலக்கு, பாத்திரம் கழுவுற தண்ணி மிச்சம். கேம்ப்பிங் அடுப்பு வச்சிருந்தா சந்தோஷம், ஆனா அதுவும் கரி கிரில்லும் வீட்டுக்கு வெளிய மட்டும்தான்.

ஃபிரிட்ஜுக்கு இப்பவே ஒரு வேலை இருக்கு. கதவைத் திறக்காம வச்சா ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர் தாங்கும், ஃப்ரீஸர் நிறைஞ்சு இருந்தா 48 மணி நேரம், பாதி காலியா இருந்தா 24. அதனால புயலுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஃப்ரீஸர்ல இருக்குற காலி இடத்துல எல்லாம் தண்ணி பாட்டிலை முக்கால்வாசி நிரப்பி அடைச்சு வைங்க, குளிரும் நிக்கும், உருகினதும் அதையே குடிக்கலாம். ஒரு கப் தண்ணியை உறைய வச்சு அது மேல ஒரு காசை வைங்க, நீங்க வெளியூர் போய்ட்டு திரும்பி வந்து பாக்குறப்போ காசு அடில கிடந்தா நடுவுல எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம், உள்ள இருக்குற கறி, மீன் எல்லாத்தையும் யோசிக்காம தூக்கிப் போடணும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்த கறி, பால், முட்டை, சமைச்ச சாப்பாடு எதுவும் வேணாம், ருசி பாத்து முடிவு பண்ற வேலையே கூடாது. பெரிய ஐஸ் பெட்டி ஒண்ணு இருந்தா அடிக்கடி எடுக்குறதை அதுல மாத்திடுங்க, ஃப்ரீஸர் கதவு மூடியே இருக்கும்.

மருந்து விஷயத்துல கொஞ்சம் பிடிவாதமா இருங்க. தினமும் போடுற மாத்திரை ரெண்டு வாரத்துக்கு கையில இருக்கணும். ஃப்ளோரிடால கவர்னர் எமர்ஜென்சி அறிவிச்சா ரீஃபில் தேதி வரலைன்னாலும் 30 நாள் மருந்து முன்கூட்டியே வாங்கிக்கலாம்னு சட்டமே இருக்கு, வேற ஸ்டேட்னா ஃபார்மசில கேட்டுடுங்க. இன்சுலின் போடுறவங்க ஃபிரிட்ஜ் போச்சேன்னு உடனே பயந்து தூக்கிப் போட வேணாம், 59ல இருந்து 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள்ள வெளிய இருந்தா பெரும்பாலான வகை 28 நாள் வரைக்கும் தாங்கும், உங்களோடது எப்படின்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு டப்பா மேல எழுதி வைங்க. ஆனா ஐஸ் மேல நேரா வச்சு உறைய விட்டா அதை யூஸ் பண்ணவே கூடாது. ஆக்சிஜன் மெஷின், சிபேப் (தூக்கத்துல மூச்சு விட உதவுற மெஷின்) இருக்குற வீடுன்னா கரண்ட் கம்பெனிலயும் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஆபீஸ்லயும் இப்பவே பதிஞ்சு வைங்க, கரண்ட் சீக்கிரம் வந்துடும்னு அதை நம்பி உக்காரவும் கூடாது.

வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி வேணாம். ஃபயர் சர்வீஸ் வர முடியாத ராத்திரில வீட்டுக்குள்ள நெருப்பு எதுக்கு? ஆளுக்கு ஒரு டார்ச், ஹாலுக்கு ஒரு எல்இடி லாந்தர், தலைல மாட்டுற லைட் ஒண்ணு. அந்த ஹெட் லைட்டைக் கிண்டல் பண்ண என் மனைவிதான் கடைசில ஆறு நாளும் அதைக் கழட்டவே இல்ல. வாங்குறப்போ எல்லாமே ஒரே சைஸ் பேட்டரில ஓடுற மாதிரி வாங்குங்க, டபுள் ஏ சைஸ்னா எப்பவும் கிடைக்கும், பெரிய டி சைஸ்தான் மொதல்ல காலியாகும். பெரிய பவர் பேங்க் ரெண்டு, கார்ல மாட்டுற சார்ஜர், பேட்டரில இல்லன்னா கைல சுத்தி ஓடுற வெதர் ரேடியோ. டவர் விழுந்து டேட்டா போயிடுச்சுன்னா அந்த ரேடியோதான் உலகம். சின்ன பேட்டரி ஃபேனும் சேத்து வாங்குங்க, ஆடம்பரம் இல்ல அது. 2017ல இர்மாவுக்கு அப்புறம் ஃப்ளோரிடால ஒரு முதியோர் இல்லத்துல ஏசி நின்னு 12 பேர் இறந்தாங்க, புயல் போன பின்னாடி வந்த வெக்கைல.

ஜெனரேட்டர் பத்தி கேக்காத ஆளே இல்ல. ஒரு ஃபிரிட்ஜ், ரெண்டு ஃபேன், லைட், போன் சார்ஜ் இதுக்கு 2000 வாட்ஸ் இன்வெர்ட்டர் டைப் சின்னதே போதும், வீடு முழுக்க ஏசி ஓடணும்னா அது வேற லெவல் செலவு. ஆனா வாங்குறதை விட எங்க வைக்கிறீங்கங்கிறதுதான் விஷயம். 2020ல லாரா புயல் லூசியானாவை அடிச்சப்போ எல்லாரும் கடல் பொங்குறதைப் பாத்து பயந்தாங்க, ஆனா ஜெனரேட்டர் புகைல வீட்டுக்குள்ளயே பல பேர் செத்துப் போனாங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலை வலிக்குதேன்னு படுத்தா எழ மாட்டீங்க. கதவு ஜன்னல்ல இருந்து குறைஞ்சது 20 அடி தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போற மாதிரி வைக்கணும், கராஜ்ல கதவைத் திறந்து வச்சா கூட கூடாது, மழை நனையுதேன்னு வராண்டால ஏத்தவும் கூடாது. பேட்டரில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு இல்லாம ஜெனரேட்டரை வாங்கவே வாங்காதீங்க. வெளில போடுற தடியான எக்ஸ்டென்ஷன் கார்டு வேணும், சுவர் பிளக்குல ரிவர்ஸா கனெக்ஷன் கொடுக்குற வேலை வேணவே வேணாம், தெருக் கம்பில வேலை பாக்குற லைன்மேன் உயிர் போகும். சூடா ஓடிட்டு இருக்குறப்போ பெட்ரோல் ஊத்தாதீங்க, நிறுத்தி ஆற விடுங்க. சீசனுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, பழைய பெட்ரோல் உள்ள கட்டிப் போய் ஸ்டார்ட்டே ஆகாம தெருவுல கயிறு இழுத்துட்டு நிக்கிறவங்களை ஒவ்வொரு புயலுக்கும் பாக்குறேன்.

சீசன் பூரா கார் டேங்க் பாதிக்குக் கீழ போகாம பாத்துக்கோங்க. பங்க்ல பெட்ரோல் இருந்தாலும் பம்புக்குக் கரண்ட் இல்லன்னா வராது, 2012ல சாண்டிக்கு அப்புறம் நியூ ஜெர்சில நம்பர் பிளேட் ஒத்தைப்படை ரெட்டைப்படைன்னு பாத்துத்தான் பெட்ரோல் கொடுத்தாங்க. காசு விஷயமும் அதே கதை, கார்டு மெஷின் செத்துக் கிடக்கும், கையில 1 டாலர், 5 டாலர், 20 டாலர் நோட்டா வைங்க, 100 டாலரை நீட்டினா சில்லறை இல்லம்பாங்க.

மத்தது சீக்கிரம் சொல்லிடுறேன். கெட்டியான குப்பைப் பை நிறைய, ஈரத் துடைப்புத் தாள், சோப்பு, டாய்லெட் பேப்பர், சானிட்டரி பேட், டயப்பர், கொசு மருந்து, முதலுதவிப் பெட்டி, கிளவுஸ், தார்ப்பாய், கயிறு, டக்ட் டேப். டக்ட் டேப் கூரைல ஒழுகுறதை அடைக்க, ஜன்னல்ல எக்ஸ் மாதிரி ஒட்டுறதுக்கு இல்ல, அது கண்ணாடியைக் காப்பாத்தாது, உடையறப்போ பெரிய பெரிய துண்டா விழ வைக்கும். ஷட்டர் இல்லாத வீடுன்னா 5/8 இன்ச் பிளைவுட்டை சீசனுக்கு முன்னாடியே ஜன்னல் சைஸுக்கு அறுத்து, எது எந்த ஜன்னலுக்குன்னு எழுதி வச்சிடுங்க.

இவ்ளோ வாங்கி வச்சதுக்காகவே வீட்ல உக்காந்துடாதீங்க. உங்க ஏரியாவைக் காலி பண்ணச் சொன்னா கிளம்பணும், கேட்டகிரி நம்பர் காத்து வேகத்தை மட்டும்தான் சொல்லும், தண்ணி எவ்ளோ ஏறும்னு அது சொல்லாது. அதுக்குத்தான் சாமான் எல்லாத்தையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால ரெண்டா மூணா பிரிச்சு வைக்கச் சொல்றது, ஒரு டப்பாவை அப்படியே தூக்கி டிக்கில போட்டுட்டுப் போகலாம். பாஸ்போர்ட், இன்சூரன்ஸ் பேப்பர், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஜிப் கவர்ல, போன்லயும் போட்டோ எடுத்து வைங்க. வீட்ல ரூம் ரூமா ஒரு வீடியோவும் எடுத்துடுங்க, கிளெய்ம் போடுறப்போ உதவும். சாதா வீட்டு இன்சூரன்ஸ்ல வெள்ளம் சேராது, அரசாங்க ஃப்ளட் இன்சூரன்ஸ் எடுத்தாலும் பொதுவா 30 நாள் கழிச்சுத்தான் அமலுக்கு வரும், கோன் மேப் வந்த பின்னாடி போன் போட்டுப் புண்ணியம் இல்ல.

வெள்ளம் உள்ள வந்துட்டா, தண்ணி பட்ட சாப்பாட்டுல நசுங்காத முழு உலோக டின் மட்டும்தான் தப்பிக்கும், லேபிளைக் கிழிச்சுட்டு சோப்பு போட்டுக் கழுவி, ஒரு கேலன் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பிளீச் கலந்ததுல 15 நிமிஷம் ஊற வச்சு எடுத்து, மார்க்கர்ல உள்ள என்ன இருக்குன்னு எழுதிடுங்க. திருகு மூடி போட்ட பாட்டில், அட்டை டப்பா எல்லாம் குப்பைதான்.

ஒண்ணும் வராம சீசன் போனா சந்தோஷம், டிசம்பர்ல டார்ச், ரேடியோல இருந்து பேட்டரியைக் கழட்டிடுங்க, உள்ளயே விட்டா கசிஞ்சு துரு பிடிச்சுடும். ஜெனரேட்டர்ல மிச்சம் இருக்குற பெட்ரோலைக் கார்ல ஊத்தி ஓட்டிடுங்க, ஆயில் கலக்காத பெட்ரோல்னா மட்டும். டின்னை எல்லாம் தேதி பாத்து முன்ன இருக்குறதை சாப்பிட்டுட்டு வாங்க, எங்க வீட்ல ஜனவரி பூரா வாரத்துக்கு ரெண்டு நாள் பீன்ஸ் சூப்தான், பசங்க முகத்தைப் பாக்கணும். பிளீச் பாட்டில் மேல வாங்கின தேதியை எழுதி வைங்க, ஒரு வருஷம் ஆனா வீரியம் குறைஞ்சுடும், அதை பாத்ரூம் கழுவ எடுத்துட்டு ஏப்ரல்ல புதுசு வாங்கிக்கலாம்.